ஜப்பான் பெட்டி

எனக்குக் கோபம் மூக்குநுனியில் என்று வீட்டுக்காரர் சொல்லுவார். பொய்யில்லை. பாதை ஐந்து நிமிடம் பிந்தினால் ஏசுவேன், கரும்பலகையில் எழுதும்போது சோக்கட்டி முறிந்தால் ஏசுவேன், மழை பெய்தால் மழைக்கும் ஏச்சு விழும். பாதை என்று நாங்கள் சொல்வது வாவியைக் கடக்கிற தட்டைப் படகை. ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு இக்கரைக்கும் அக்கரைக்கும் போய்வரும். எனக்கு வீடு கிழக்குக் கரையில், பள்ளிக்கூடம் மேற்கில், படுவான்கரையில். பதினொரு வருடமாக அப்படித்தான் போய் வருகிறேன். இவ்வளவு காலமும் யார் யாருக்கோ ஏசிய நான், எனக்கு நானே ஏச வேண்டி வந்த கதை இது.

அந்த வருடம் எனக்கு நாலாம் வகுப்பு தந்தார்கள். இருபத்து மூன்று பிள்ளைகள். முன்வரிசை வாங்கில் ஒருத்தி சாப்பாடு சுற்றி வந்த பேப்பரை விரித்துத் தலைப்பிலிருந்து கடைசி வரி வரை வாசிப்பாள். பின்வாங்கில் ‘ப’வுக்கும் ‘ம’வுக்கும் வித்தியாசம் தெரியாத பிள்ளைகள் இருந்தார்கள். நடுவில் நான், ஒரு புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லாருக்கும் ஒரே பாடத்தைப் படிப்பிப்பேன். கெட்டிக்காரர்கள் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டுப் பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளுவார்கள். தெரியாதவர்கள் கரும்பலகையைப் பார்த்துப் படம் கீறுவது போல எழுத்தைக் கீறி வைப்பார்கள். நான் தொண்டை கிழியக் கத்திவிட்டுப் பாதையேறுவேன்.

பின்வாங்குப் பிள்ளைகளில் ஒருத்தியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். ஒன்பது வயது. தகப்பன் வாவியில் வலை போடுகிறவர், தாய் மீனைக் கழற்றித் துறையில் விற்கிறவர். முதல் மாதம் முழுக்க இவளுக்கு வாசிக்கத் தெரியும் என்றுதான் நினைத்தேன். எழும்பி நின்று கணீரென்று வாசிப்பாள். ஒருநாள் பின்னால் போய் நின்று பார்த்தால் வாய் பாடத்தைச் சொல்கிறது, விரல் படத்துக்கு மேல் நிற்கிறது. முன்னால் வாசித்த பிள்ளைகளிடமிருந்து காதால் பிடித்துப் பாடமாக்கி ஒப்புவித்திருக்கிறாள். அடேயப்பா! அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. இப்படி இன்னும் எத்தனை பேர் என் கண்ணில் மண்ணைத் தூவிக்கொண்டு இருக்கிறார்கள் என்ற பயம்.

அந்தப் பள்ளித் தவணையில்தான் எங்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. ஒரே வகுப்பில் வேறுவேறு நிலையில் நிற்கிற பிள்ளைகளுக்கு வேறுவேறு அளவில் வேலை கொடுக்க வேண்டும், அதற்கான சாமான்களை ஆசிரியரே செய்ய வேண்டும் என்றார்கள். வழக்கமாகப் பயிற்சி வகுப்பில் நான் சாப்பாட்டு நேரத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். இந்த முறை காது கொடுத்துக் கேட்டேன். வீட்டுக்கு வரும்போதே புடைவைக் கடையில் வெறும் மட்டைப் பெட்டி கேட்டு வாங்கி வந்துவிட்டேன்.

ஒரு மாதம் எங்கள் வீடு வீடாக இல்லை. வீட்டுக்காரர் மட்டை வெட்டினார், நான் எழுதினேன், செலோடேப் தரையெல்லாம் ஒட்டியது. “உனக்கு அரசாங்கம் சம்பளம் தருது, எனக்கு ஆரு தாற?” என்று கேட்டுக்கொண்டே வெட்டினார். மூன்று பெட்டி நிறைய அட்டைகள் ஆயின. ஒன்றில் எழுத்தும் இரண்டு, மூன்று எழுத்துச் சொற்களும் படங்களும். அடுத்ததில் சின்னச் சின்ன வசனங்கள். மூன்றாவதில் முழுக் கதைகளும் கேள்விகளும். பிள்ளைகளையும் மூன்றாகப் பிரித்துக்கொண்டேன்.

கெட்டிக்காரர், நடுத்தரம், மெல்லக் கற்போர் என்று பிள்ளைகளின் காதுபடச் சொல்லக்கூடாது என்று பயிற்சியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். எனக்கும் அது சரியென்றே பட்டது. ஒருநாள் பாதையில் நின்றபடி யோசித்தேன். கீழே தண்ணீர், தண்ணீரில் மீன். பிறகென்ன! வாவிக்கரைப் பிள்ளைகள், மீனின் பெயர் வைத்தால் சந்தோசப்படுவார்கள், யாரும் உயர்த்தி இல்லை, யாரும் தாழ்த்தி இல்லை. கதைப் பெட்டிக்குக் கொடுவா. வசனப் பெட்டிக்கு மணலை. எழுத்துப் பெட்டிக்கு ஜப்பான். வெளியூரில் திலாப்பியா என்கிற மீனை நாங்கள் ஜப்பான் என்போம், கீறவும் லேசு. பெட்டிகளில் மீன்களைக் கீறி, சுவரில் ஒரு பெரிய அட்டவணை தொங்கவிட்டு, ஒவ்வொரு மீனுக்குக் கீழேயும் பிள்ளைகளின் பெயர்களை வடிவான எழுத்தில் எழுதினேன். ஜப்பானுக்குக் கீழே ஏழு பெயர். அவளுடையது முதலாவது.

பெயர்களை வாசித்த அன்று வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. பிள்ளைகளுக்குப் பிடித்துப் போயிற்று என்று நானும் சேர்ந்து சிரித்தேன்.

அட்டைகள் வேலை செய்தன, அதை மறைக்க மாட்டேன். சத்தம் குறைந்தது. கிள்ளல் நின்றது. அவள் இரண்டாம் தவணை முடிவதற்குள் ‘வலை’, ‘படகு’, ‘மழை’ என்று விரலைச் சரியான இடத்தில் வைத்து வாசித்தாள். ஆசிரிய ஆலோசகர் வந்து பெட்டிகளைத் திறந்து திறந்து பார்த்தார், மற்றப் பள்ளிக்கூட ஆசிரியர்களுக்குக் காட்ட வேண்டும் என்று தொலைபேசியில் படம் எடுத்தார். பள்ளிக்கூட அதிபருக்குத் தலைகால் தெரியாத சந்தோசம். அவரும் படம் எடுத்து, பெற்றோருடைய வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். பெட்டிகள், மீன்கள், சுவர் அட்டவணை, கீழே பெயர்கள், பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நான். கை தட்டுகிற படங்கள் வந்து குவிந்தன. அதை எத்தனை தரம் திறந்து பார்த்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அடுத்த நாள் அவள் வரவில்லை. காய்ச்சல் காலம், காய்ச்சலாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். ஒரு முழுக் கிழமையும் போயிற்று. வெள்ளிக்கிழமை பெயர் கூப்பிடும்போது அவளுடைய பக்கத்து வீட்டுப் பிள்ளை எழும்பினாள்.

“ரீச்சர், அவ இனி வரமாட்டாவாம். செங்கலடியில பெரியம்மா வீட்ட போறாவாம், புள்ள பாக்க. திங்கக்கிழம பெரியம்மா வந்து கூட்டிப் போறாவாம்.”

பெரியம்மா தையல் தொழிற்சாலையில் வேலை, கைக்குழந்தையைப் பார்க்க ஆள் தேவை. ஒன்பது வயதுப் பிள்ளை அப்படிப் போனால் திரும்பிப் புத்தகம் தொடுவது எங்கே? இப்போதுதான் எழுத்து அவளுக்குப் பிடிபடத் தொடங்கியிருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் பாதைப் பக்கம் போகாமல் அவள் வீட்டுப் பக்கம் மோட்டார் சைக்கிளைத் திருப்பினேன்.

வீட்டுக்குப் பின்னால் வாவி. தாய் மர நிழலில் வலையை விரித்து மீன் கழற்றிக்கொண்டு இருந்தார். அவள் பக்கத்தில் குந்தியிருந்து மீன்களை இனம் பிரித்துப் பெட்டிகளில் போட்டுக்கொண்டு இருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பி வீட்டுக்குள் ஓடிவிட்டாள். தாய் கையைக் கழுவி, கதிரை கொண்டுவந்து போட்டு, குடிக்கப் பிளேன்ரீயும் தந்தார். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. முகம் மட்டும் இறுகிக் கிடந்தது.

“என்ன தங்கச்சி, புள்ளய ஏன் நிப்பாட்டினீங்க? இப்பதானே எழுத்துப் பிடிபட்டு வருது.”

“படிக்கிற புள்ளைய ஆரு ரீச்சர் நிப்பாட்டுவாங்க? இவதான் ஜப்பானாமே.”

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. அது சும்மா ஒரு பெயர், குழுவுக்கு வைத்தது, எல்லாம் மீன்தானே என்றேன்.

தாய் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்கமாட்டேன். “ரீச்சர் வீட்ட ஆரு மீன் வாங்குற?”

“அவர்தான்.”

“அதான். கொடுவா வந்தா முதலாளிமார் துறையில வந்து நிண்டு தூக்குவாங்க. மணல வந்தா ஊருக்குள்ள வித்துப்போடலாம். ஜப்பானக் கூறு போட்டு வச்சிட்டு, வாங்க வாங்க எண்டு கூப்பிட்டுக் கிடக்கணும். விக்காட்டிக் கருவாடு, இல்லாட்டிப் பூனைக்கு. துறையில நிக்கிற சின்னப் புள்ளைக்கும் இது தெரியும் ரீச்சர். நான் படிக்கல்ல. இவட அப்பாவும் படிக்கல்ல. ஆனா எந்த மீன் எந்த இடத்தில கிடக்கும் எண்டு எங்களுக்குத் தெரியும். ஊருக்கே தெரியிற மாதிரி ஃபோன்ல போட்டிருக்கிறீங்க.”

பிள்ளைகள் அன்றைக்கு ஏன் விழுந்து விழுந்து சிரித்தார்கள் என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கைப் பிடித்து, அதைச் சுவரிலும் தொங்கவிட்டிருக்கிறேன். அப்போதாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். என் கோபம் விடுமா?

“நான் ஒண்டும் தரம் பாத்துப் பேர் வைக்கல்ல. தற்செயலா வந்தது. ஒரு மாசமா நித்திர முழிச்சுச் செஞ்ச சாமான் அது. நீங்க வீட்டில ஒரு நாளாவது இவளுக்கு ஒரு எழுத்துச் சொல்லிக் குடுத்தீங்களா?”

சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். தெரியாத எழுத்தை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று தாய் திருப்பிக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. வலையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு மீதி மீனைக் கழற்றத் தொடங்கினார். தற்செயல் என்று நான் சொன்னேனே, அதுவும் முழு உண்மையா என்று எனக்குள் கேள்வி வந்தது. விலை எனக்குத் தெரியாதுதான். ஆனால் கொடுவா என்றால் விசேசம் என்பது தெரியாதா? என் வீட்டில் விருந்தாளி வந்தால் என்ன மீன் வாங்கச் சொல்லுவேன்? என் கை அறிந்துதான் எழுதியிருக்கிறது.

வாசல் சீலைக்குப் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது. “ரீச்சர், ஜப்பான் பெட்டியில இருபத்தாறு அட்டை கிடக்கு.”

“ஓம் மகள்.”

“எல்லாத்தையும் ரெண்டு தரம் செஞ்சு முடிச்சிட்டன். முடிஞ்சுது ரீச்சர் எண்டு வந்து சொன்னன். திரும்ப முதல்ல இருந்து வடிவாச் செய் எண்டு சொன்னீங்க. மூணாந்தரமும் செஞ்சன். மணலப் பெட்டிய எப்பத் தருவீங்க எண்டு பாத்துக்கொண்டே இருந்தன். நீங்க தரவேயில்ல.”

அவள் வந்து சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. மற்றப் பிள்ளைகளோடு மினைக்கெட்டுக்கொண்டு இருந்தபோது, தலையைக் கூடத் திருப்பாமல், திரும்பச் செய் என்று சொன்னேன். ஏனென்றால் அவள் பெயர் ஜப்பானுக்குக் கீழே இருந்தது. எழுதியாயிற்று, முடிந்தது. இரண்டு தவணையில் ஒரு பிள்ளையையாவது ஒரு பெட்டியிலிருந்து மற்றப் பெட்டிக்கு மாற்றினேனா? ஒருவரையும் இல்லை. பிள்ளைகளுக்கு ஏறிப்போகப் படி கட்டுகிறேன் என்று நினைத்து, மூன்று அறை கட்டிப் பூட்டியிருக்கிறேன்.

“என்ட பிழதான் மகள்” என்றேன். “என்ன மன்னிச்சுக்கொள்.”

தாய் பதறிப்போனார். வலையை உதறிவிட்டு எழும்பினார். “ஐயோ ரீச்சர், என்ன இது! புள்ளைக்கிட்டப் போய் மன்னிப்புக் கேக்கிறதா? பாவம் பிடிக்கும். நான் ஏதோ மன எரிச்சல்ல பறைஞ்சிட்டன், விடுங்க.”

சீலை விலகியது. அவள் வெளியே வந்து, தூணைப் பிடித்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தாள்.

“எனக்கிட்ட மட்டும் கேட்டாச் சரியா ரீச்சர்? மத்த ஆறு பேருக்கிட்டயும்?”

தாய் அவள் கையைப் பிடித்து இழுத்து, வாயை மூடு என்று அதட்டினார். நான் திங்கட்கிழமை வா என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். வருவேன் என்று அவளும் சொல்லவில்லை, அனுப்புவேன் என்று தாயும் சொல்லவில்லை.

சனியும் ஞாயிறும் வீட்டுக்காரருக்குத் திரும்பவும் மட்டை வெட்டுகிற வேலை. நடந்ததைச் சொன்னேன். மனுசன் வாய் பொத்திச் சிரித்தார். “பேர் வைக்க முதல் எனக்கிட்ட ஒரு சொல்லுக் கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பன்கா” என்றார். சாகலாம் போல இருந்தது. இந்தமுறை குழு இல்லை, பெயர் இல்லை, சுவரில் அட்டவணை இல்லை. ஒரே கதையை மூன்று அளவில் எழுதினேன். நடு வாவியில் பாதையின் எஞ்சின் நின்றுபோன கதை. ஒரு அட்டையில் நாலு வரி, ஒன்றில் பத்து வரி, ஒன்றில் பக்கம் நிறைய. மூன்றுக்கும் ஒரே படம், ஒரே நிற மட்டை, ஒரே பெட்டி. எந்தப் பிள்ளையும் எதையும் எடுக்கலாம், முடித்தால் அடுத்ததை எடுக்கலாம், கடினமென்றால் வைத்துவிட்டுச் சின்னதை எடுக்கலாம். கடைசியில் எல்லாரும் வட்டமாக இருந்து அந்தக் கதையைப் பற்றிப் பேச வேண்டும். நாலு வரி வாசித்த பிள்ளைக்கும் எஞ்சின் நின்றது தெரியும், அதுவும் வாய் திறக்கலாம். முதலிலேயே இதைச் செய்திருக்கலாமே என்று எனக்கு நானே ஏசிக்கொண்டு எழுதினேன்.

அட்டை செய்வது லேசு. மற்ற ஆறு பேரிடமும் மன்னிப்புக் கேட்பது? திங்கட்கிழமை காலை பக்கத்து வகுப்பு ஆசிரியையிடம் சொன்னேன். எனக்கு இளையவள், நல்ல பிள்ளை. கண்ணை விரித்தாள்.

“அக்கா, பைத்தியக்காரக் கதை பறையாதிங்க. புள்ளைகளுக்கிட்ட மன்னிப்புக் கேட்டா நாளைக்குத் தலையில ஏறிக் குந்துங்கள். பேசாம அந்த அட்டவணையக் கழட்டிப்போட்டு வேற பேர வைங்க, ஆரு கேக்கப்போறா?”

அவள் சொன்னதும் சரிதான். அட்டவணையைக் கழற்றியாயிற்று. பெயர் கூப்பிட்டேன். அவள் வரவில்லை. செங்கலடிக்கு பஸ் ஏறியிருப்பாள் என்று நினைத்தேன். இனி யாருக்காகக் கேட்பது என்று ஒரு மனம் சொன்னது. அப்படியே பாடத்தைத் தொடங்கிவிடலாம், புதுப் பெட்டி மேசையில் இருக்கிறது, பிள்ளைகள் அதைத்தான் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். ஆனால் அவள் கேட்டது தனக்காக இல்லையே. ஆறு பேரும் அங்கேதான் இருந்தார்கள், என் முன்னால், பின்வாங்கில்.

முன்மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“ரீச்சர் ஒரு பிழ செஞ்சிட்டன்” என்றேன். வகுப்பு அடங்கியது. “ஏழு பேரை ஜப்பான் எண்டு எழுதி வச்சன். அந்தப் பெட்டியில இருந்து அவங்கள வெளிய எடுக்கவேயில்ல. அவங்க முன்னுக்கு வந்தத நான் பாக்கல்ல. அது உங்கட குறையில்ல, என்ட குறை. என்ன மன்னிச்சுக்கொள்ளுங்க.”

அரைச்சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வகுப்பும் அடங்கிப் போயிற்று. யாரும் சிரிக்கவில்லை. அந்த ஆறு பேரில் ஒருவன் பின்வாங்கில் இருந்தான். வருடம் முழுக்க வகுப்பைச் சிரிக்க வைத்தவன், வாயைக் குவித்து மீன் மாதிரி மூச்சுவிட்டுக் காட்டி ஜப்பான் ஜப்பான் என்று தானே ஆடியவன். இவனுக்கு ஒன்றுமே உறைக்காது என்று நான் நிம்மதியாக இருந்தேன். அவன் தலையை மேசையில் கவிழ்த்தான். தோள் குலுங்கியது. பிறகு சத்தம் வந்தது. தேம்பித் தேம்பி அழுதான். நான் அவனிடம் போகத் திரும்பியபோதுதான் வாசலைப் பார்த்தேன்.

தாயும் அவளும் நின்றுகொண்டு இருந்தார்கள். எப்போது வந்தார்களோ தெரியாது. அவள் சட்டை போட்டிருந்தாள், பள்ளிக்கூட வெள்ளை அல்ல, வெளியூர் போகப் போடுகிற பூப்போட்ட சட்டை. தாயின் கையில் உடுப்புப் பை.

“பெரியம்மா சந்தியில நிக்கிறா ரீச்சர்” என்றார் தாய், தாழ்ந்த குரலில். “பஸ்ஸுக்கு நேரமாச்சு. ரீச்சர் மன்னிப்புக் கேக்கிறாவா எண்டு பாத்துப்போட்டுத்தான் வருவன் எண்டு ஒத்தக் கால்ல நிண்டா.”

அவள் என்னைப் பார்க்கவில்லை. செருப்பை வாசலில் கழற்றினாள். உள்ளே வந்து, வாங்குகளுக்கு நடுவே நடந்து போய், அழுகிறவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் முதுகைப் பார்த்துவிட்டு, வாசல் பக்கம் திரும்பினாள்.

“அம்மா, பேக்க வீட்ட கொண்டு போங்க” என்றாள்.